ராணுவத்தில் லாரியையும் சீருடையையும் ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? எல்லாம் பச்சைதானே?

தம்பி, கேள்விக்குக் கீழே "எதற்கு இந்த வீண் செலவு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி இல்லையென்றால் பேசாமல் கடந்து போயிருப்பேன். குடியரசு தின அணிவகுப்பை டிவியில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். தப்பில்லை.

நான் 1986-ல் ஏ.எஸ்.சி.யில், அதாவது ராணுவத்தின் சரக்கு, போக்குவரத்துப் பிரிவில், டிரைவராகச் சேர்ந்து 2010-ல் ஹவில்தாராக வெளியே வந்தவன். சொந்த ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் கடலோரம். ஆபீசர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். "வெறும் டிரைவருக்கு என்ன தெரியும்" என்று எழுத யாராவது வருவார்கள், வரட்டும். லாரியைப் பற்றி டிரைவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நான் கற்றுக்கொண்டது சக்திமானில். ஜெர்மனியின் மான் கம்பெனி வடிவத்தை உரிமம் வாங்கி, ஜபல்பூர் தொழிற்சாலையில் 1959 முதல் 1996 வரை செய்தார்கள். பெயருக்குள்ளேயே மான் ஒளிந்திருக்கிறது, பாருங்கள். ஆனால் மான் மாதிரி ஓடாது, எருமை மாதிரி ஓடும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. கியர் மாற்ற கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குப் போக வேண்டும். மலை ரோட்டில் ஒரு நாள் முழுக்க இதைச் செய்தால் ராத்திரி இடது முழங்கால் நமக்குச் சொந்தமில்லை. இன்றைக்கும் வாடைக்காற்று தொடங்கினால் அந்த முழங்கால்தான் எனக்கு முதலில் சொல்லும். அப்புறம் சென்னை அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. மூக்கு கிடையாது, இன்ஜினுக்கு மேலேயே கேபின். பவர் ஸ்டீயரிங். முதல் தடவை வளைவில் திருப்பியபோது பழக்கதோஷத்தில் அதிகமாகத் திருப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த உஸ்தாதிடம் (பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கிக் கட்டிக்கொண்டேன். சின்ன வண்டிகளும் அப்படித்தான். ஜோங்கா போய் ஜிப்ஸி வந்தது, நான் ராணுவத்தை விட்டு வந்த பிறகு ஜிப்ஸிக்குப் பதிலாக சஃபாரி ஸ்டார்ம் வந்தது. இதில் ஃபேஷன் எங்கே இருக்கிறது? உதிரி பாகம் கிடைக்காத வண்டியை எத்தனை நாள் கட்டி இழுப்பீர்கள்?

நிறத்தை மட்டும் வைத்து வண்டி மறையாது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை பெயின்ட் அடித்த லாரி, முன் கண்ணாடியில் வெயில் பட்டுப் பளிச்சென்று அடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கும் தெரியும். அதனால் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை கண்ணாடிக்குச் சாக்கு போடுவது. அடுத்தது வலை. வலையை வண்டியோடு ஒட்டிக் கட்டினால் லாரியின் சதுரம் அப்படியே தெரியும், தள்ளிக் கட்டி நிழலை உடைக்க வேண்டும். கடைசியில் டயர் தடத்தை அழிக்க வேண்டும். இதைத்தான் பாதிப் பேர் மறப்பார்கள், திட்டும் இதற்குத்தான் விழும். ராத்திரி கான்வாயில் ஹெட்லைட் கிடையாது. முன்னால் போகிற வண்டியின் பின் அச்சில் இருக்கும் உருண்டைக்கு வெள்ளை அடித்து, அதன் மேல் ஒரு சின்ன பல்ப் எரியும். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு வண்டி ஓட்டிய எனக்கு எங்கள் ஊர்ப் பாலத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் திறந்தது. அதற்கு முன்பு தீவுக்கு லாரியை ஓட்டிக்கொண்டு போக வழியே கிடையாது, ரயில்தான். அப்படி ஏங்கிக் கிடைத்த பாலத்தில் இப்போது நடுவழியில் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து போட்டு, குடும்பத்தோடு செல்பி எடுக்கிறார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தாலும் அசைவதில்லை. புது ரயில் பாலம் வந்த பிறகு கூட்டம் இன்னும் மோசம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நீங்களும் ஒருநாள் ராமேஸ்வரம் வருவீர்கள் இல்லையா?

சரி, சீருடைக்கு வருகிறேன்.

காக்கி என்றால் தூசி நிறம். வறண்ட மண்ணுக்குப் பொருந்தியது. இரண்டாம் உலகப் போரில் பர்மா காட்டுக்குள் போனதும் அது எடுபடவில்லை, ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். நாங்கள் ஓ.ஜி. என்போம். சுதந்திரத்துக்குப் பிறகும் அதுவே தொடர்ந்தது. நான் சேர்ந்தபோது ஓ.ஜி.தான், வண்டி வேலைக்கு டங்கரி என்கிற முழு உடுப்பு. இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும் பெரும்பாலும் ஓ.ஜி.தான். அங்கே நானும் சில மாதம் இருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இரண்டு பக்கமும் திட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பனைமரமும் உடைமரமும் அங்கேயும் இருந்தன, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திட்டுத் திட்டாக நிறம் போட்ட காம்பட் டிரஸ், பாராசூட்டில் குதிக்கிற பாராக்காரர்களிடம் முன்பே இருந்தது. எங்களுக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. ஒரே பச்சையில் ஆள் நின்றால் ஆள் வடிவம் அப்படியே தெரியும். திட்டுகள் அந்த ஓரத்தை உடைக்கும், கண் ஏமாறும். எனக்கு ஒரே பெருமை. 1993-ல் லீவுக்கு வந்தபோது, கிழிந்து, உதவாது என்று கழித்துவிட்ட ஒரு சட்டையைக் கொண்டுவந்து என் கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது, தெரியும். நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான்.

வாடைக் காலம். ராத்திரி நாட்டுப்படகில் போகிறவனுக்குக் குளிருக்கு நல்ல தடித்த சட்டை, அவ்வளவுதான் அவன் கணக்கு. அந்த வருடங்களில் எங்கள் கடற்கரை எப்படி இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. 1991-ல் ராஜீவ் கொலைக்குப் பிறகு பத்தடிக்கு ஒரு சோதனை. அக்கரைப் புலிப் பையன்கள் போட்டதும் வரி வரியான உருமறைப்புச் சட்டை. விடியற்காலை படகை இழுத்துக் கட்டிவிட்டு மீன் கூடையோடு ஏறிவந்தவனைச் சட்டையைப் பார்த்தே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆத்தா அழுதுகொண்டு வந்து சொன்னதும், அடையாள அட்டையையும் லீவு சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி சட்டையை மேசையில் விரித்து வைத்திருந்தார். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது உங்க சட்டைன்னு நான் எப்படி நம்புறது?" என்றார்.

காலருக்குள் முத்திரை இருக்கும், அம்புக்குறியும் அளவும் வருடமும் இருக்கும் என்று புரட்டிக் காட்டினேன். உப்புத்தண்ணீரில் நனைந்து நனைந்து மை முழுக்கப் போயிருந்தது. வெறும் வெள்ளைக் கறை. அவர் என்னைப் பார்த்தார், நான் கறையைப் பார்த்தேன். நாட்டுக்காக வண்டி ஓட்டுகிறவன் போட்ட சட்டை, நாடு தேடுகிற ஆளின் சட்டை என்று நினைக்கிற அளவுக்கு இருந்தது. அவரையும் குறை சொல்ல முடியவில்லை, அவர் வேலை அது. கடைசியில் என் அட்டையைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்து, சாயங்காலம் விட்டார்கள். அதற்குள் தம்பி கன்னத்தில் ஒரு அறை விழுந்திருந்தது. யார் அடித்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. சட்டையை ஆத்தா அன்றைக்கே அடுப்பில் வைத்துவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள், எல்லாம் பச்சைதானா? எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது பாதி வேலை. நம்ம ஆள் கண்ணுக்கு நம்ம ஆளாகத் தெரிவது மீதிப் பாதி. துணை ராணுவமும் செக்யூரிட்டிக் கம்பெனிக்காரனும் அதே மாதிரித் துணியைப் போட ஆரம்பித்த பிறகு, 2005 வாக்கில் துணியிலேயே ராணுவச் சின்னத்தைச் சின்னதாக அச்சிட்டுப் புது வடிவம் கொண்டுவந்தார்கள். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று காட்டியது நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்லூரியோடு சேர்ந்து செய்த கட்டம் கட்டமான டிஜிட்டல் வடிவம். துணி 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியஸ்டர், மேல்சட்டையை உள்ளே விடுவதில்லை. எங்கள் காலத்து டெரிகாட்டில் வெந்தவர்களுக்குத்தான் அந்தப் பருத்தியின் அருமை தெரியும். வடிவத்தைக் காப்புரிமைப் பதிவும் செய்திருக்கிறார்கள், கண்ட கடையில் தைத்து விற்கக் கூடாது என்பதற்காக.

செலவு வீணாகும் இடமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காக்காரன் எல்லா நிலத்துக்கும் ஒரே சாம்பல் கட்டம் என்று கொண்டுவந்து, ஆப்கானிஸ்தானில் எடுபடாமல் 2015-லிருந்து மாற்றத் தொடங்கினான். அது வீண். முத்திரை அழிந்த சட்டைக்காக ஒருத்தன் அறை வாங்குவது வேறு கணக்கு.

2006-ல் லீவுக்கு வந்தபோது புது வடிவச் சட்டை என் பெட்டியில் இருந்தது. இந்தத் தடவை கொடுக்கவில்லை, காட்ட மட்டும் செய்தேன். தம்பி வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் தடவித் தடவி அந்தச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். எச்சிலைத் தொட்டுத் தேய்த்தும் பார்த்தான். போகவில்லை.

"இதை அப்பவே போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதாண்ணே" என்றான்.