பி.எஃப். பணத்தை எடுத்து ஏஜென்டுக்குக் கட்டலாமா?

கேள்வி: சார், எனக்கு 29 வயது. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு, சென்னையில் ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளர்) 4 வருடம் 4 மாதமாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய். பிடித்தம் போகக் கையில் 18,400 வருகிறது. வாடகை 6,500, சீட்டு 3,000. மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். 12 மணி நேர ஷிஃப்டில் இடுப்பு விட்டுப்போகிறது. சவூதியில் பாராமெடிக் வேலை இருக்கிறது, இரண்டரை லட்சம் கட்டினால் விசா என்கிறார் ஒரு ஏஜென்ட். வேலையை விட்டு பி.எஃப். பணம் 1.10 லட்சத்தை எடுத்து, மீதிக்கு மனைவி நகையை அடகு வைக்கலாமா? – ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. வெளிநாடு போவது தப்பில்லை. கிளம்பும் நேரமும் கட்டச் சொல்லும் தொகையும்தான் சரியில்லை.

முதலில் ஏஜென்ட். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். இரண்டரை லட்சம் எதற்கு என்று கேளுங்கள். அவருடைய உரிம எண்ணை வாங்கி, மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபாருங்கள். எண் தரத் தயங்கினால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். மருத்துவ வேலைக்கு சவூதியில் உரிமம் வேண்டும். அதற்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, புரோமெட்ரிக் என்கிற கணினித் தேர்வு எல்லாம் உண்டு. விலங்கியல் பட்டமும் நிறுவனம் கொடுத்த பயிற்சியும் அங்கே பாராமெடிக் தகுதிக்குப் போதுமா? பணம் கட்டும் முன் தெரிந்தாக வேண்டியது இது. பாராமெடிக் என்று சொல்லிக் கூட்டிப்போய் ஹெல்பராக நிறுத்திய கதைகளை நான் நிறையவே கேட்டுவிட்டேன். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. லீவு நாளில் ஒரு நடை போய் விசாரியுங்கள்.

அடுத்து நேரம். பிரசவத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் அல்லவா? அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கம். வேலையை விட்டால் அந்தப் பாதுகாப்பு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு சிசேரியன் என்றாலே உங்கள் பி.எஃப். கரைந்துவிடும். இன்னும் எட்டு மாதம் இருந்தால் ஐந்து வருடம் முடிகிறது, கிராஜுவிட்டி (பணிக்கொடை) கைக்கு வரும்: 12,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 34,600 ரூபாய். உங்கள் கையில் வரும் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஏன் விட வேண்டும்?

இனி இடுப்பு. எனக்கு அதிகக் கவலை இதில்தான். போன வருடம் என் அம்மாவை மூன்றாவது மாடியிலிருந்து இறக்கினார்கள். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீடு. படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை; உங்களைப் போல ஒரு பையன் தலைப்பக்கத்தைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே காலால் படியைத் தடவித் தடவி இறங்கினார். கீழே வந்ததும் முதுகை நிமிர்த்த முடியாமல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயதில் அவரால் அதைச் செய்ய முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியரைப் போல 60 வரை நிலையான சம்பளம் வரும் என்று வைத்து உங்களுக்குத் திட்டம் போட முடியாது.

அதனால், தூக்கும்போது அடிபட்டால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். "சரி, தைலம் போட்டால் போய்விடும்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பணியில் பட்ட காயம் என்று ஏற்கப்பட்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. சம்பளத்தில் 90 சதவீதம் தரும். சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். பதிவேட்டில் ஒரு வரி இல்லாததால் இந்த வித்தியாசத்தை இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

வங்கிக் கணக்கிலேயே வருடம் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு (பிரதமர் சுரக்ஷா பீமா), 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு (ஜீவன் ஜோதி) கிடைக்கும். இரண்டையும் இந்த வாரமே போடுங்கள். குழந்தை பிறந்ததும் ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) எடுங்கள். விண்ணப்பத்தில் தொழிலை உள்ளபடி எழுதுங்கள். சீட்டைப் பிரசவம் வரை எடுக்காமல் தள்ளிப்போடுங்கள். அப்போது அந்தப் பணம்தான் கைச்செலவுக்கு. பதிவு பெற்ற சீட்டுதானா என்றும் பாருங்கள். ஓவர்டைம் வந்தால் வீட்டுச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள், புரோமெட்ரிக் கட்டணத்துக்கு ஆகும்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஏஜென்டின் உரிம எண் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள், உங்கள் பயிற்சிச் சான்றிதழின் நகலும் கூடவே வரட்டும்.