டாங்க் நிறைய பெற்றோல், முள் மட்டும் காலியில்

கேள்வி: ஐயா, அப்பா வைத்திருந்த 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் நன்றாக ஓடுகிறது. ஆனால் டாங்க் நிறைய அடித்தாலும் பெற்றோல் முள் எழும்புவதில்லை. போன கிழமை ஒட்டுசுட்டான் வீதியில் நின்றுபோய், கானோடு நடந்தேன். புது மீற்றர் வாங்கவா?
- வாசகர், மாங்குளம்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் சாவியை அணைத்துவிட்டு, டாங்கில் பெற்றோல் மட்டத்தை அளந்து மீற்றருக்குச் சொல்லும் சென்டர் (sender) யூனிற்றிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரைக் கழற்றி, டாங்கிலிருந்து தள்ளி, காரின் பொடியில் (body) பெயின்ற் இல்லாத இரும்பில் இறுக்குங்கள். பிறகு சாவியைப் போட்டால் முள் மெதுவாக நிறைவுப் பக்கம் ஏற வேண்டும் (இந்த முள் சோம்பேறி, கொஞ்சம் பொறுங்கள்). ஏறியதும் அணைத்துவிடுங்கள்.

ஏறினால் மீற்றரும் வயரும் சரி. டாங்கின் கறுப்பு எர்த் வயரைக் கழற்றி அரத்தாள் போட்டுத் தேயுங்கள், எங்கள் செம்மண் தூசிக்கும் மாரி மழைக்கும் அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். அப்படியும் சரிவராவிட்டால் யூனிற்றைக் கழற்றத்தான் வேண்டும். டாங்கை முழுக்க வடித்துவிட்டு, பற்றரியையும் கழற்றிவிட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடிக்காரர் யாரும் நிற்கக்கூடாது. யூனிற்றில் இருக்கும் மிதவையைக் காதருகே குலுக்குங்கள். சளசளத்தால் ஓட்டை, உள்ளே பெற்றோல் புகுந்து மூழ்கிக் கிடந்திருக்கிறது.

முள் ஏறவே இல்லையா? வயர் அறுந்திருக்கலாம், அல்லது மீற்றருக்கு 10 வோல்ற் கொடுக்கும் ஸ்டெபிலைசர் போயிருக்கலாம். மீற்றரைக் கடைசியில் சந்தேகியுங்கள். அதுவரை கானை டிக்கியிலேயே வையுங்கள்.