கிணற்றுப் பாறையில் வெடிப்பு: பக்கத்தில் வீடு கட்டலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டினோம். 30 அடியில் பாறையில் நீளமாக ஒரு வெடிப்பு. தண்ணீரும் அதிலிருந்துதான் வருகிறது. பூகம்பம் வரும் பிளவாக இருக்குமோ? அருகில் வீடு கட்டப் பயமாக இருக்கிறது.

பதில்: கட்டலாம். ஆனால் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் உரசி நகர்ந்திருந்தால்தான் அது நிலப்பிளவு. நகராமல் வாய் திறந்து மட்டும் இருந்தால் வெறும் விரிசல். மேலே கிடந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துப் போய், பாரம் குறைந்ததும் அடிப்பாறை இப்படி விரிந்துகொடுக்கும்.

தண்ணீரை இறைத்துவிட்டு, உச்சி வெயில் உள்ளே விழும் நேரத்தில் பாருங்கள். நம் பாறையில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும்; நடுவே கார்னெட் என்ற செந்நிறக் கனிம மணிகள் இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மின்னுவதும் இதே கார்னெட்தான். வெடிப்பைத் தாண்டியும் அந்த வரி அதே மட்டத்தில் தொடர்ந்தால் பாறை நகரவில்லை. படி விழுந்ததுபோல் இறங்கியிருந்தால் நகர்ந்திருக்கிறது. வரிகள் வெடிப்போடு ஒரே போக்கில் ஓடினால் இந்தச் சோதனை உதவாது. குறுக்கே போகும் வெள்ளை நரம்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். வழுவழுப்பான பரப்பில் ஒரே திசையில் கீறல்கள், இடையில் பாறை அரைந்த மாவு, இவையும் நகர்ந்ததற்கு அடையாளம்.

சரி, நகர்ந்தே இருந்தாலும்? நமக்கு வடக்கே மலைகளுக்கு ஊடே போகும் அச்சன்கோவில் மண்டலம் என்ற நீண்ட பாறைப் பட்டையில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமியின் ஆழத்தில் சூடேறிய பாறை பிசைந்த மாவாய் இழுபட்டது. பழைய தழும்பு அது. எப்போதோ நகர்ந்த தடம் இருந்தால் மட்டும் பூகம்பம் வந்துவிடாது. அது வர, பிளவு சிக்கி நின்று அழுத்தம் சேர வேண்டும். தாங்காத நொடியில் வழுக்க வேண்டும். 2004-இல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் உயிர்களைக் கொண்டுபோன சுனாமிக்குக் காரணமான பிளவு சுமத்ரா பக்கம், கடலடியில். அங்கே இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமக்கும் மாபெரும் பாறைத் துண்டு, இன்னொரு தட்டின் அடியில் நுழைகிறது. நம் பகுதி அப்படிப்பட்ட தட்டு விளிம்பில் இல்லை. ஆனாலும் 1900-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் நிலம் பலமாகவே அதிர்ந்தது. அதனால் வீட்டுச் சுவர்களைச் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் வையுங்கள். அஸ்திவாரத்தில் பாதி பாறைமேலும் பாதி நிரப்பிய மண்மேலும் நிற்கக் கூடாது.

எனக்கு உண்மையான கவலை செப்டிக் டேங்க்தான். மண்ணில் கழிவுநீர் வடிகட்டப்படும். வெடிப்பில் அப்படியே ஓடிவரும். வழக்கமாகச் சொல்லும் 50 அடி இடைவெளி வெடிப்பு போகும் திசையில் போதாது. வெடிப்பின் கோட்டை நிலத்தின்மேல் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, டேங்கை அந்தக் கோட்டை விட்டு விலக்கி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் கட்டுங்கள்.