பத்து நிமிடத் தத்துவம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சிறிய ஊரில் கராத்தே சொல்லித்தருகிறேன். வார நாட்களில் வேறு வேலை. சனி, ஞாயிறு காலையில் ஒரு பள்ளி மைதானத்தில் வகுப்பு. ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் சங்கத்தில் போன வருடம் ஒரு பாடத்திட்டப் படிவம் கொடுத்தார்கள். அதில் ‘தத்துவமும் நற்பண்பும் – 10 நிமிடம்’ என்று ஒரு கட்டம். நானும் வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து டோஜோ குன் என்ற ஐந்து வரி உறுதிமொழியைச் சொல்லவைக்கிறேன். ஒரு குறள், ஒரு ஜென் கதை. சின்னவர்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

போன மாதம், என்னிடம் ஆரஞ்சு பெல்ட் வாங்கிய நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளியில் கூடப் படிப்பவனை வயிற்றில் உதைத்துவிட்டான். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “இதைத்தான் சொல்லிக்குடுக்கிறீங்களா மாஸ்டர்?” என்றார். பையனின் அம்மா, “ஒழுக்கம் வரும்னுதானே உங்ககிட்ட அனுப்பினோம்” என்றார். அவனைத் தனியாகக் கூப்பிட்டு டோஜோ குன் சொல்லச் சொன்னேன். ஐந்து வரியையும் தப்பில்லாமல் ஒப்பித்தான்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தத்துவம் சொல்லித்தர முடியுமா? முடியுமென்றால் எப்படி?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள மாஸ்டருக்கு,

ஐந்து வரியையும் ஒப்பித்தான் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஐந்தாவது வரியே முரட்டு வீரத்தை அடக்கி வை என்பதுதான். அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறான். பையனுக்கு மனப்பாடத்தில் குறையொன்றும் இல்லை.

முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் படிவத்தில் உள்ள அந்தப் பத்து நிமிடத்தில் ஆகிற காரியமில்லை. மிச்ச நேரத்தில் நீங்கள் என்ன செய்யவைக்கிறீர்கள் என்பதில்தான் அது இருக்கிறது. கராத்தே மாஸ்டரிடம் ஜூடோவைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் முதலில் ஒரு வாத்தியார்.

1882-ல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலின் ஒரு பகுதியில் கானோ கோதோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய்கள் விரித்த இடம், ஒன்பது மாணவர்கள். அவருக்கே அப்போது இருபத்திரண்டு வயதுக்குள்தான். பிற்பாடு தோக்கியோவின் உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தார். ஜூஜுத்ஸு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையை எடுத்துக்கொண்டு அவர் செய்த முக்கியமான காரியம், உபதேசம் சேர்த்தது அல்ல. ஆளை முடமாக்கும் பிடிகளையும் குத்துகளையும் தனியே பிரித்து, ஒழுங்கு வரிசையாக மட்டும் செய்து பார்க்கும் கட்டாவில் வைத்தார். முழு பலத்தோடு செய்தாலும் கூட்டாளிக்கு ஆபத்து குறைவாக இருப்பவற்றை ரந்தோரி என்ற சுதந்திரப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார். எறியக் கற்கும் முன்பே விழக் கற்க வேண்டும். எதிரில் இருப்பவன் பாயையோ தோளையோ இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும்.

இதில் எங்கே தத்துவம் என்று கேட்டால், எல்லாமே அதுதான். எட்டு வயதுப் பிள்ளை தன் உடம்பை இன்னொரு பிள்ளையின் பிடியில் கொடுத்துவிட்டு, தட்டினால் விட்டுவிடுவான் என்று நம்புகிறது. அந்தக் கை விடுகிறது. அடுத்த சுற்றில் இடம் மாறுகிறது. ஒரு காலைக்குள் இது பலமுறை நடக்கிறது. தானும் மற்றவரும் சேர்ந்தே செழிக்க வேண்டும் என்ற கொள்கையை கானோ ஒரு வாக்கியமாக வகுத்து முன்வைத்தது 1922-ல், கோதோகான் தொடங்கி நாற்பது வருடம் கழித்து. அதுவரை பிள்ளைகள் அதைப் பாயில் உருண்டுதான் கற்றார்கள்.

கராத்தேயில் உள்ள சிக்கல் உங்களுக்கே தெரியும். வரிசையாக நின்று காற்றில் குத்துகிறோம். காற்று வலிக்கிறது என்று சொல்வதில்லை. நூறு முறை காற்றை உதைத்த பிள்ளைக்கு, உதை போய்ச் சேரும் இடத்தில் ஒரு வயிறு இருக்கும் என்பது உடம்பில் பதிவதில்லை. கட்டாவும் அடிப்படைப் பயிற்சியுமாகவே வகுப்பு போகும்போது, பண்பு என்பதைக் கடைசியில் வாயால் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பையன் விஷயத்தில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்களிடம் வருவதற்கு முன் அவனுக்கு ஒழுங்காக உதைக்கத் தெரியாது. அப்போது அவன் யாரையும் உதைக்காமல் இருந்ததில் பெருமை ஒன்றும் இல்லை. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே காப்பவன் என்கிறது நீங்கள் சொல்லித்தரும் அதே குறள். பலிக்கும்படி செய்தது நீங்கள். ஆகவே காக்கும் வித்தையும் அந்த உதையோடு சேர்ந்தே போக வேண்டும், மறுநாள் வரும் கதையாக அல்ல.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன், நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம். ஜோடியாக நிற்கவைத்து, முன்னுதை எதிரில் நிற்பவனின் சீருடைத் துணியைத் தொட வேண்டும், உடம்பைத் தொடக்கூடாது என்று விதி வையுங்கள். பட்டதா இல்லையா என்று சொல்லும் உரிமை உதை வாங்கியவனுக்கு மட்டுமே. உதைத்தவனுக்கு எப்போதும் படாத மாதிரிதான் தெரியும்! முதல் வாரம் வாக்குவாதம் வரும், வரட்டும். பெரிய பெல்ட்டைச் சின்ன பெல்ட்டோடு ஜோடி சேர்த்து, பெரியவனை வாங்கும் பக்கம் நிறுத்துங்கள். ஆரஞ்சு பெல்ட் பையனை நீக்கவேண்டாம், ஒரு மாதம் ஆறு வயதுக்காரர்களுக்கு உதை வாங்கும் மெத்தையை (பேட்) பிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தாறுமாறாக உதைப்பார்கள், கையில் விரலில் எல்லாம் படும். வலித்தால் வலிக்கிறது என்று அவன் சொல்லட்டும்.

சரி, அந்தப் பத்து நிமிடத்தை என்ன செய்வது? கானோவின் கோதோகானில் கற்பிக்க நான்கு வழிகள் இருந்தன. கட்டா, ரந்தோரி, கோகி எனும் சொற்பொழிவு, மோந்தோ எனும் கேள்வி பதில். இன்றைக்குப் பல ஊர்களின் ஜூடோ கூடங்களில் ரந்தோரி இருக்கிறது, கட்டா கொஞ்சம் இருக்கிறது. மோந்தோவைத் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் செய்வது கோகி. அதை மோந்தோவாக மாற்றிப் பாருங்கள் என்பது என் யோசனை.

கேள்வி உங்கள் மைதானத்திலேயே கிடக்கிறது. கராத்தேயில் முதல் அடி என்பது கிடையாது என்பது ஃபுனாகோஷி கிச்சினின் இருபது கட்டளைகளில் ஒன்று. அவரும் ஜப்பானின் ஒகினாவா தீவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1922-ல் தோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்து காட்டியவர், கானோவே அவரைக் கோதோகானுக்கு அழைத்தார். இந்த வரியை விளக்காதீர்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள்: முதல் அடி எது? ஒருவன் உன் டிபன் பாக்ஸைப் பிடுங்கினால் அது முதல் அடியா? உன் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தால்? உன்னை அடிக்காமல் உன் தம்பியை அடித்தால்? அடிக்கப்போகிறான் என்று உனக்குத் தோன்றினால் போதுமா? ஓடிப்போய் டீச்சரிடம் சொல்வது கோழைத்தனமா? எட்டு வயதுக்காரர்கள் இதில் சளைக்க மாட்டார்கள். என் மகள் கராத்தே வகுப்புக்குப் போன காலத்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவாள். வகுப்பில் கேட்கத்தான் அவளுக்கு இடமிருக்கவில்லை. நீங்கள் தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் ஒரு கேள்வி போதும்.

ஜென் கதைகளைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கலாம். பெரும்பாலும் அவை நாற்பது வயதில் களைத்துப்போனவர்களுக்கான கதைகள்.

பேச்சால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1986-ல் மைக்கேல் டிரல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. சட்டச் சிக்கலில் மாட்டிய 34 பதின்பருவப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தியானம், மரியாதை, சிறு தத்துவப் பேச்சு எல்லாம் சேர்ந்த பழைய முறை டேக்வாண்டோ. இன்னொன்றுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவதுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் மூர்க்கம் குறைந்தது, இரண்டாவதில் கூடியது. சின்ன ஆய்வுதான், இதை வைத்துக் கோயில் கட்ட முடியாது. ஆனால் 2005-ல் நார்வேயில் எண்ட்ரசனும் ஒல்வேயஸும் வெளியிட்ட ஆய்விலும், குத்துச்சண்டை, மல்யுத்தம், தற்காப்புக் கலை போன்றவற்றில் சேர்ந்த பையன்களிடம் வெளியிலும் வம்பு வளர்க்கும் போக்கு கூடியதாகவே கண்டார்கள். கராத்தே கற்றால் தானாக ஒழுக்கம் வரும் என்று நம் ஊரில் நோட்டீஸ் அடிப்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே இதன் பொருள். தலைமையாசிரியை கேட்டது நியாயமான கேள்வி.

இன்னொரு விஷயத்தை உங்கள் கடிதம் தொடவில்லை, ஆனால் தொட்டே ஆக வேண்டும். பெற்றோர் ‘ஒழுக்கம்’ என்று கேட்கும்போது பெரும்பாலும் சொன்னபடி கேட்கும் பிள்ளையைக் கேட்கிறார்கள். கராத்தே அதை வெகு சுலபமாகத் தயாரித்துத் தரும். வரிசை, வணக்கம், ஒரே குரலில் ‘ஓஸ்’ என்ற ஆமோதிப்பு. கராத்தே பள்ளிக்கூடத்துக்குள் வந்த வரலாற்றிலேயே இந்த ஆபத்து இருக்கிறது. இதோசு அங்கோ என்ற கராத்தே ஆசான் 1901-ல் ஒகினாவாவின் ஷுரியில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு கராத்தேயைக் கொண்டுவந்தார். உங்கள் பிள்ளைகள் ஹெயான் என்று செய்யும் கட்டாக்கள் மாணவர்களுக்காக அவர் அமைத்த பினான் கட்டாக்களின் வழிவந்தவைதான். 1908-ல் அவர் எழுதிய பத்துக் கட்டளைக் கடிதத்தில், சிறு வயதிலேயே இதைப் பழக்கினால் நாட்டுக்கு நல்ல சிப்பாய்கள் கிடைப்பார்கள் என்ற வாதமும் இருக்கிறது. நெப்போலியனை வென்ற வெலிங்டன் அந்த வெற்றியைப் பள்ளி மைதானத்தின் கணக்கில் எழுதியதாக ஒரு மேற்கோளும் தருகிறார். 1930களில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவும் கெண்டோ எனும் வாள்பயிற்சியும் கட்டாயமாகி, பண்புப் பயிற்சி என்ற பெயரில் போருக்கு ஆள் தயாரித்தன. தோல்விக்குப் பின் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் பள்ளிகளில் அவற்றைத் தடைசெய்தது. ஜூடோ திரும்பி வர 1950 ஆயிற்று. அன்று நாள்தோறும் மரியாதை, நேர்மை என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள்தாம் போருக்கும் போனார்கள்.

பழங்கதை என்று விடவும் முடியாது. 1983 தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள், பலர் தலையில் அடிபட்டு. 2013-ல் ஜப்பான் பெண்கள் ஜூடோ அணியைச் சேர்ந்த 15 பேர் தங்கள் தலைமைப் பயிற்சியாளர் மூங்கில் வாளால் அடிப்பதாகவும் அறைவதாகவும் புகார் கொடுத்தது வெளியே வந்து, அவர் விலகினார். விழுவதற்கு முதல் பாடம் வைத்த கலையில் இது நடந்திருக்கிறது. ‘தலை வலிக்குது மாஸ்டர், இன்னிக்கு என்னால முடியாது’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வர வேண்டும். நம் ஊரிலும் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் தவறாக நடந்து கைதான செய்திகளைப் படித்திருக்கிறோம். மாஸ்டரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? ஆகவே உங்கள் மோந்தோவில் உங்களை எதிர்த்துக் கேட்கும் கேள்விக்கும் இடம் வையுங்கள். முட்டியை மடக்கி வாத்து நடை நடக்கவைக்கும் தண்டனை உங்கள் வகுப்பில் இருந்தால், அது ஏன் என்று ஒரு பையன் கேட்கட்டும். பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதை நிறுத்திவிடுங்கள்.

டோஜோ குன்னை விட்டுவிடச் சொல்லவில்லை. சேர்ந்து ஒரே குரலில் சொல்வதில் ஓர் இன்பம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கடைசியில் ஒரு நிமிடம், தமிழில், வாரம் ஒரு பிள்ளை சொல்லித்தர மற்றவர்கள் சொல்லட்டும்.

கடைசியாக பெல்ட். மேடை போட்டு, சிறப்பு விருந்தினர் வந்து, ஓடு உடைத்து, கைமேல் பைக் ஏற்றி, ‘உலக சாதனை’ச் சான்றிதழும் கொடுக்கும் விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளை ஓட்டை உடைக்கக் கையை ஓங்கும்போது, மெதுவாகப் பார்த்தால், ஓடு ஏற்கெனவே கீறி வைக்கப்பட்டிருக்கும். அது தெரிந்த பிள்ளைக்கு நேர்மையைப் பற்றி எத்தனை கதை சொன்னாலும் ஏறாது. படிநிலைகளை 1883-ல் தொடங்கிவைத்தவரும் கானோதான். ஆனால் அன்று மூன்று மாதத்துக்கு ஒரு நிறமும் கட்டணமும் கிடையாது.

2022-ல் அகில ஜப்பான் ஜூடோ சம்மேளனம் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே ஒழித்துவிட்டது. வெற்றி வெறி முற்றி, பிள்ளைகளின் எடையைக் குறைக்கவைப்பதும், பெற்றோரும் பயிற்சியாளர்களும் நடுவர்களைத் திட்டுவதும் எல்லை மீறியதே காரணம். ஜூடோ பிறந்த நாட்டிலேயே, ஒலிம்பிக் தங்கம் வென்ற யமாஷிதா யசுஹிரோ தலைவராக இருந்தபோதே இந்த முடிவை எடுக்க முடிந்திருக்கிறது. உங்கள் சங்கத்தை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் வகுப்பில் பெல்ட் தேர்வுக்கு முன் ஒரு தகுதியை நீங்களே சேர்க்கலாம்: இந்தப் பிள்ளையோடு ஜோடி சேரத் தயங்காதவர்கள் வகுப்பில் எத்தனை பேர்? தனித்தனியாகக் கேளுங்கள், சின்னவர்களிடம் முதலில். ‘அவன்கூடன்னா வேண்டாம் மாஸ்டர்’ என்று இரண்டு பேர் சொன்னால் அந்தப் பெல்ட்டைத் தள்ளிப்போடுங்கள். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். வந்தால், அடுத்த ஞாயிறு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.