வேலூருக்கு வரும் கடல் மீன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை, வைகாசியில் வஞ்சிரம் விலை கையைக் கடிக்கிறது. தடைக்காலம் என்கிறார்கள். பிறகு கடையில் கிடக்கும் மீன் எங்கிருந்து வருகிறது?
– காட்பாடி வாசகர்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் அந்தத் தடை இல்லை. அவர்கள் செவுள் வலையிலும் தூண்டிலிலும் பிடிப்பது கொஞ்சம் வரும். மற்றது மேற்குக் கரை மீன். கர்நாடகத்தில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது, கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில். ஆக, ஜூன் 10 முதல் 14 வரை மூன்று பக்கமும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்த நாட்களில் ‘நேற்றுப் பிடித்தது’ என்று கூவுகிறவரிடம் எந்தத் துறைமுகம் என்று கேட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் அந்த வாரம் ஏரிக் கட்லாவோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒன்றரை அடி வஞ்சிரம் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– குடியாத்தம் வாசகி

வேண்டாம் அம்மா. மத்தி, நெத்திலிக் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு கரையோரமாக ஊர் ஊராகப் போகிற மீன் அது. முதல் முறை முட்டையிட ஏறத்தாழ 70 செ.மீ. வளர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே இழுவை மடியில் வாரி வருவது விதைநெல்லைக் குத்தித் தின்கிற கதை.

சூரைக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எனக்கும் மனைவிக்கும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு. மீன் நாறவே இல்லை. ஒவ்வாமையா?
– ராணிப்பேட்டை வாசகர்

இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருப்பதால், ஒவ்வாமையைவிட ஹிஸ்டமின் நஞ்சு மீதுதான் எனக்குச் சந்தேகம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நாற்றம் வராமலேயே இது நடக்கும். கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், எவ்வளவு புளி கரைத்து ஊற்றினாலும் அது அழியாது. மீண்டும் குளிரவைத்தாலும் உருவானது உருவானதுதான். காசிமேட்டிலிருந்து வேலூர் வரும் வழியில் வெயிலில் வண்டி நின்றாலே போதும்.

எனவே மீனைவிட முதலில் பெட்டியைப் பாருங்கள். மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்க வேண்டும். மேலாகத் தூவியது கணக்கில் சேராது. வயிற்றுப் பக்கம் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். துண்டு போட்டது என்றால், நடுமுள்ளை விட்டுச் சதை பிரிந்திருந்தால் ஒதுக்குங்கள். மறுபடி இப்படி வந்தால் மருத்துவரிடம் போங்கள், மூச்சு முட்டினால் உடனே.

மத்தி ஒரு வருடம் குவிகிறது, ஒரு வருடம் கண்ணிலேயே படுவதில்லை. சுருக்குமடி வலைதான் காரணமா?
– ஆம்பூர் வாசகர்

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி வாரும் அந்த வலை பாதிக் காரணம். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. ஆயுள் இரண்டு, இரண்டரை ஆண்டுதான். கடல் சூடேறி, மத்தி தின்னும் நுண்ணிய மிதவை உயிரிகள் குறைந்தால் ஒரு தலைமுறையே தேறாது. அந்த நேரத்தில் வலையும் அதிகமானால் கேட்கவே வேண்டாம். தமிழகக் கரையில் சுருக்குமடிக்குத் தடை உண்டு. 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும் காலை 8 முதல் மாலை 6 வரை போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் இடைக்கால அனுமதி தந்தது.

பாலாற்றில் வெள்ளம் வந்தால் கடல் மீன் ஏறி வருமா?
– ஆற்காடு மாணவர்

முட்டையிட ஆற்றில் ஏறும் கடல் மீன் உல்லம். காவிரியில் மேலே போய்க்கொண்டிருந்ததை 1934-இல் மேட்டூர் அணை மறித்தது. பாலாற்றிலோ, வாலாஜா அணைக்கட்டைத் தாண்டுவதற்கு முன் மீனுக்குத் தண்ணீர் வேண்டுமே, தம்பி!