அப்பாவுக்கு ஒருநாள் 90, மறுநாள் 260: கையில சென்சார் ஒட்டிப் பாக்கணுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். அப்பாவுக்கு 61 வயசு, விவசாயம். 12 வருஷமா சுகர். கலங்கலா இருக்குமே அந்த மிக்ஸ்டு இன்சுலின், காலையில 24, ராத்திரி 16 யூனிட் போடுறார். வெறும் வயித்துல ஒருநாள் 90 காட்டுது, மறுநாள் 260. மூணு மாச சராசரி டெஸ்ட் 9.4. திருட்டுத்தனமா எதையோ சாப்பிடுறார்னு அம்மா சொல்றாங்க, இல்லவே இல்லன்னு அப்பா கத்துறார், தினம் சண்டை. எங்க டாக்டர் கையில சென்சார் ஒட்டி 14 நாள் பாக்கலாம்னு சொல்றார். காசு செலவு பண்ணி அது தேவையா?

பதில்: தேவைதான்மா. ஆனா அம்மாகிட்ட முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க, அது அப்பாவ கையும் களவுமா பிடிக்கிறதுக்கு இல்ல. நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு சந்தேகம் அப்பா வாய் மேல வரல, அவர் போடுற ஊசி மேலயும் அவர் ராத்திரி மேலயும்தான் வந்துச்சு.

9.4ன்னா கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரி சுமார் 223. சராசரி 223ன்னா எந்நேரமும் 223லயே நின்னார்னு அர்த்தமில்ல, 50க்கு இறங்கி 380க்கு ஏறி வந்தாலும் அதே 9.4 வரும். நாள் பூரா ஹையாவே இருக்கவருக்கு டோஸ் ஏத்தலாம், இறங்கி ஏறுறவருக்கு காலை நம்பர மட்டும் பாத்துட்டு ஏத்தினா ராத்திரி தூக்கத்துலயே சுகர் விழுந்து ஆபத்தாயிடும், அதனாலதான் உங்க டாக்டர் டோஸ ஏத்தாம சென்சார் போட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருக்கார், நல்ல டாக்டர், அவர விட்டுடாதீங்க.

சென்சார்ங்கறது காசு மாதிரி ஒரு சின்ன வட்டம், மேல் கையோட பின்பக்கம் ஒட்டுவாங்க. மெல்லிசா முடி மாதிரி ஒரு இழை தோலுக்கு அடியில போய் உக்காரும், வலி பெருசா இருக்காது. அது ரத்தத்த தொடாது, உடம்பு செல்களுக்கு நடுவுல இருக்க நீர்ல சர்க்கரைய பாக்கும். டாக்டர்கள் ஒட்டி அனுப்புற வகையில 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவாகும், ஒருநாளைக்கு 96, 14 நாளைக்கு 1,344 அளவு. நீங்க விரல்ல குத்திப் பாக்குறது நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவைதானே. இந்த வகையில நம்பர் உங்களுக்குத் தெரியாது, கடைசியில டாக்டர் மெஷின்லதான் வரும். இன்னொரு வகையில போன்லயே உடனுக்குடன் தெரியும், விலை கொஞ்சம் கூட. அடிக்கடி லோ ஆகுறவருக்கு நான் போன் வகையைத்தான் சொல்லுவேன்.

எங்கிட்ட வர்ற ஒரு பெரியவர் கதை சொல்றேன், அவரும் விவசாயிதான், அவருக்கும் காலை சுகர் இப்படித்தான் தாறுமாறா ஆடுச்சு. 14 நாள் கிராஃப ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாத்தா பத்து ராத்திரி ஓரளவு நேரா போகுது, நாலு ராத்திரி மட்டும் ஒரு மணிக்கு மேல கோடு கிணத்துல விழுந்த மாதிரி 52க்கு இறங்கி, அப்புறம் விடியறதுக்குள்ள 280க்கு ஏறி நிக்குது. அவர் சம்சாரம் தினசரி காலண்டர் தாள கிழிச்சு பின்பக்கம் எழுதி வச்சிருந்தாங்க, அந்த நாலு தாள்லயும் ஒரே வரி, "கரண்டு வந்துச்சு, மோட்டார் போடப் போனார்". ராத்திரி ஊசியும் போட்டு, சாப்பாட்டையும் அரைகுறையா முடிச்சு, வரப்பு மேல டார்ச் அடிச்சுக்கிட்டு நடந்து போய் தண்ணி திருப்பி விட்டுட்டு வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கார், நடுங்குதுன்னதும் அந்தம்மா பயந்து ரெண்டு டம்ளர் பால்ல சர்க்கரைய அள்ளிப் போட்டுக் குடுத்திருக்காங்க, காலையில 280ன்னு பாத்துட்டு திருட்டுத்தனமா என்ன தின்னேன்னு அதே சண்டை. அவருக்கு ராத்திரி டோஸ ஏத்தல, குறைச்சேன். மூணு மாசத்துல சராசரி இறங்குச்சு.

ஆனா எல்லாருக்கும் இதே கதைன்னு எடுத்துக்காதீங்க. ராத்திரி லோ ஆனா உடம்பு பயந்து காலையில தானா ஹை ஆக்கும்னு நாங்க படிச்சோம், சென்சார் வந்தப்புறம் பாத்தா காலையில ஹையா இருக்கவங்க நிறைய பேர் ராத்திரி பூராவுமே ஹையாத்தான் இருக்காங்க. சிலருக்கு விடியக்காலை நாலு மணிக்கு மேல சுரக்குற ஹார்மோனால ஏறும். எது உங்க அப்பாவோடதுன்னு யூகத்துல சொல்ல முடியாது, கோடு சொல்லும்.

அடுத்தது ஊசி. இதைத்தான் யாரும் கேக்கறதே இல்ல. ராத்திரி அப்பா படுத்திருக்கும்போது தொப்புளைச் சுத்தி நாலு விரல வச்சு மெதுவா தடவிப் பாருங்க. ஊசி போடுற எடத்துல தோலுக்கு அடியில மாங்கொட்டை மாதிரி கெட்டியா, வழுவழுன்னு ஒரு கட்டி தட்டுப்படலாம். வருஷக்கணக்கா ஒரே எடத்துல குத்துனா அங்க கொழுப்பு திரண்டுடும், மரத்துப்போன எடம்ங்கறதால வலிக்காது, வலிக்கலங்கறதால திரும்பத் திரும்ப அங்கயே குத்துவாங்க. அந்தக் கட்டிக்குள்ள போற இன்சுலின் ஒருநாள் அங்கயே தங்கிடும், ஒருநாள் திடீர்னு ரத்தத்துக்குப் போகும். அதே நாலு இட்லி, ராத்திரி அதே 16 யூனிட், ஆனா ஒருநாள் 90 ஒருநாள் 260, காரணம் இதுவா இருக்கலாம். கட்டி இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம எடத்த மாத்தாதீங்க, நல்ல எடத்துல போட்டா முழு மருந்தும் ஏறும், பழைய டோஸ் அதிகமாயிடும், லோ ஆகும்.

சிரிஞ்சையும் பாருங்க. பாட்டில்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு இருந்தா சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட்னு இருந்தா ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு சிரிஞ்சுல 24 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது பத்து யூனிட்டுக்கும் கம்மி. 100 பாட்டிலுக்கு சிவப்பு சிரிஞ்சுல 24 இழுத்தா 60 யூனிட் போயிடும், உயிருக்கே ஆபத்து. மெடிக்கல்ல கைக்கு வந்தத குடுத்து அனுப்பிடுறாங்க, தயவுசெஞ்சு இன்னிக்கே பாத்துடுங்க. கலங்கல் மருந்த உள்ளங்கைகளுக்கு நடுவுல வச்சு உருட்டி, தலைகீழா திருப்பித் திருப்பி ஒண்ணாக் கலந்த பிறகுதான் இழுக்கணும், குலுக்கக் கூடாது. கத்திரி வெயில்ல ஓட்டு வீட்டு அலமாரியில வச்சா மருந்து வீரியம் போயிடும், ஃப்ரிட்ஜ் இல்லன்னா ஈரமண் சட்டியில தண்ணி படாம வைங்க.

சென்சார் ஒட்டின 14 நாளும் அப்பா எப்பவும் போல இருக்கணும், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். பழைய சோறு சாப்பிடுறவர் சாப்பிடட்டும், காபிக்கு சர்க்கரை போடுறவர் போடட்டும், நடவுக்குப் போறவர் போகட்டும், டெஸ்ட்டுக்காக பத்தியம் இருந்தா கிராஃப் பொய் சொல்லும். ஊசி போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், வயல் வேலை, காபி, தூக்கம் இத மட்டும் யாராவது குறிச்சு வைங்க. குறிப்பு இல்லாத கிராஃப் எனக்குப் பாதிதான் உதவும். குளிக்கலாம், ஆனா ஆத்துலயும் பம்புசெட் தொட்டியிலயும் முங்கி ஊறிக்கிட்டு இருக்க வேணாம். வேர்வையில ஓரம் பிரிஞ்சா மேல ஒரு பிளாஸ்திரி போட்டுக்கலாம்.

முதல் நாள் அளவ ரொம்ப நம்பாதீங்க. அந்தக் கை மேல ஒருக்களிச்சுப் படுத்தா நிஜமா லோ இல்லாமலே லோ காட்டும். சுகர் வேகமா ஏறி இறங்கும்போது சென்சார் சில நிமிஷம் பின்தங்கித்தான் வரும், அதனால உடம்பு ஒண்ணு சொல்லி சென்சார் வேற சொன்னா விரல்ல குத்திப் பாருங்க.

ரிப்போர்ட்ல நீங்க பாக்க வேண்டியது 70க்கும் 180க்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்தார்ங்கறது. 2019ல உலக அளவுல நிபுணர்கள் ஒத்துக்கிட்ட கணக்குப்படி நாள்ல 70 சதவீதம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம் அதுக்குள்ள இருந்தா நல்லது, 70க்குக் கீழ 4 சதவீதத்துக்கும் கம்மியா, சுமார் ஒரு மணி நேரத்துக்குள்ள. வயசானவங்க, வேற நோய் உள்ளவங்களுக்கு 50 சதவீதமே போதும், ஆனா லோ 1 சதவீதத்தத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கு நான் முதல்ல லோவத்தான் பாப்பேன், ஹைய அப்புறம். கூடவே கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட்டும் பாத்துடுங்க, கிட்னி தளர்ந்தா இன்சுலின் உடம்புல நெடுநேரம் தங்கும்.

அதுவரைக்கும் ராத்திரி வேர்த்து எழுந்தாலோ, உளறினாலோ, காலையில தலைவலியோட எழுந்தாலோ உடனே விரல்ல குத்துங்க. 70க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கலந்து குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ரெண்டு டம்ளர் பால் வேணாம். நினைவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாம 108க்கு போன் பண்ணுங்க. பயந்துபோய் ஊசிய நீங்களா நிறுத்தவும் வேணாம், ராத்திரியில லோ ஆகுதுன்னு தெரிஞ்சா மறுநாளே டாக்டர்கிட்ட சொல்லுங்க, 14 நாள் முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

சென்சார் ஒட்டப் போற அன்னிக்கு இன்சுலின் பாட்டில், சிரிஞ்சு, வீட்டு மெஷின் மூணையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முன்னாடி அப்பாவையே மருந்து இழுத்து எந்த எடத்துல குத்துவார்னு காட்டச் சொல்லுங்க.