ஒற்றைக் கைரேகை போதுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடந்த எங்கள் பூர்வீக வீட்டில் பித்தளைச் சாமான்கள் திருடு போய்விட்டன. நிலைக்கதவில் கிடைத்த ஒற்றை ரேகை, முன்பு வீட்டைப் பார்த்துக்கொண்டவருடையதாம். அதை வைத்தே அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முடியாது. தொட்டவர் யார் என்பதைத்தான் ரேகை சொல்லும். எப்போது தொட்டார் என்று நம்பகமாகக் கணிக்க இன்றுவரை முறை இல்லை. தினமும் கதவைத் திறந்து மூடியவரின் ரேகை கதவில் இல்லாமல் போனால்தான் ஆச்சரியம்! அதுவே உடைத்த பெட்டகத்தின் உட்புறத்தில் கிடைத்திருந்தால் பேச்சே வேறு.

இடத்தையும் பாருங்கள். வழவழப்பான தேக்குப் பலகையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் பவுடர் தூவி, டேப் ஒட்டி ரேகையை எடுத்துவிடலாம். செதுக்கு வேலைப்பாட்டில் வரிகள் அறுந்து துண்டு ரேகைதான் மிஞ்சும். விரல் வழுக்கியிருந்தால் வரிகள் இழுபட்டுக் கலங்கிவிடும்.

தவறு நடப்பது இத்தகைய ரேகைகளில்தான். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், ஒரு பையில் இருந்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். ஸ்பெயின் போலீஸோ அது அல்ஜீரியர் ஒருவருடையது என்று கண்டறிந்தது. ரேகைத் தொகுப்பில் தேடும் கணினி தருவது ஒத்துப்போகக்கூடியவர்களின் பட்டியலை. முடிவெடுப்பது மனிதக் கண். முதல் நிபுணர் சொன்னது தெரியாமல் இரண்டாம் நிபுணர் பார்த்தாரா என்று உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (இந்தியச் சாட்சியச் சட்டம்) 39-ஆம் பிரிவுப்படி ரேகை ஒப்பீடு நிபுணரின் கருத்து, தீர்ப்பு அல்ல.

வந்துபோன பங்காளிகளின் ரேகைகளையும் ஒப்பிடக் கொடுங்கள். மிச்சப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.